கொழுக்கட்டைப் பிள்ளை

டோமீ ஷீ என்ற சீனக் கனேடியப் பெண் இயக்கிய 'பாவோ' (2018) எட்டு நிமிஷச் சித்திரப் படம். பேச்சே கிடையாது. 2019-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது.

டொரான்டோவில் ஒரு சீனத் தாய் மாவை வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து, ஓரத்தை மடிப்பு மடிப்பாகச் சேர்த்து உச்சியில் மூடுகிறாள். கை வேலை அத்தனையும் உண்மையாக இருக்கிறது. இயக்குநரின் தாயாரே ஸ்டூடியோவுக்கு வந்து செய்து காட்டினாராம். வெந்த கொழுக்கட்டைகளில் ஒன்று உயிர் பெற்று அழுகிறது. அதைப் பிள்ளையாக வளர்க்கிறாள். அது வளர்ந்து, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியுடன் வீட்டை விட்டுப் புறப்படுகிறது. தடுத்துப் பார்க்கிறாள், முடியவில்லை. சட்டென்று எடுத்து விழுங்கிவிட்டு அழுகிறாள்.

விகாரம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்த இடந்தான் படத்தின் உயிர் என்று தோன்றுகிறது. பொத்திப் பொத்தி மூடிய கைக்கும் விழுங்கிய வாய்க்கும் வித்தியாசம் அதிகமில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு இது தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டோம்.

பிறகு எல்லாம் கனவென்றாக்கி, நிஜ மகனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கதாசிரியர்கள் பயந்துபோய்ச் செய்கிற காரியம் இது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் கடைசிக் காட்சிக்காக மன்னித்துவிடலாம். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கொழுக்கட்டை பிடிக்கிறார்கள். மகனுக்கு மடிப்பு வரவில்லை. அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அழகாக வருகிறது. தாய் அதைப் பார்க்கிறாள். சமாதானம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கவில்லை.