கியர் ராடில் ஒரு டியூப் துண்டு

1983-இல் வந்த மாருதி 800-இல் கியர் தகராறு பலவும் கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும். லீவரிலிருந்து போகும் ராடில் புஷ் தேய்ந்துவிட்டால் லீவர் தொளதொளக்கும். ரிவர்ஸைத் துழாவித் தேட வேண்டும். புஷ் தேய்ந்த அந்த இடைவெளியில் மெக்கானிக்குகள் பழைய சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றி, கம்பியால் இறுக்குவார்கள். எத்தனை சுற்று என்பதைக் கைதான் சொல்லும். கூடினால் கியர் முரண்டு பிடிக்கும். குறைந்தால் ஆட்டம் நிற்காது. கிளட்ச் கேபிளும் அப்படித்தான். நட்டைத் திருகும்போது பெடலில் சற்றே தளர்வு மிச்சம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கிக் கருகும். இந்த அளவறிவைக் கண்டால் எனக்கு உண்மையான மரியாதை. உள்ளே பல்சக்கரம் அரைபட்டால் மட்டும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். மற்றபடி, புது புஷ் கிடைக்கும்வரை அந்த ரப்பர் தாங்கும்.