முள்ளின் நடை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய பெட்ரோல் கார் ஒன்பதாவது வளைவிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கனத்தது, வண்டி இழுக்கவில்லை. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் இரண்டு வளைவு ஏறும், மறுபடியும் அதே கதை. இறங்கிச் சமதளத்துக்கு வந்துவிட்டால் எதுவுமே நடக்காதது போல ஓடும்.

அதற்கு முன்பே இரண்டு இடங்களில் காட்டியாகிவிட்டது. ஓரிடத்தில் நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். இன்னோரிடத்தில் ஸ்கேனரை மாட்டினார்கள், பி0171 என்ற கோடு வந்தது. உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அந்தக் கோடுக்குப் பொருள். சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, பெட்ரோல் போதவில்லை என்ற உண்மையைச் சொல்லியிருக்கிறது. உண்மை சொன்ன சாட்சியை வெளியே அனுப்பிவிட்டுப் புதுச் சாட்சியைக் கூட்டி வந்தோம். அதுவும் அதையேதான் சொன்னது.

மூன்றாவதாக நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அறுபதை நெருங்கியவர், ஊரில் எல்லோருக்கும் அண்ணன். பானட்டைத் திறக்கும் முன் அவர் கேட்டவை மூன்றே கேள்விகள். "மேடு ஏறும்போது மட்டும்தானுங்களா? காலையில ஒரே செல்ஃபுல புடிக்குதுங்களா? டேங்க்குல எப்பவும் எவ்வளவு வச்சிருப்பீங்க?" பதிலைக் கேட்டுவிட்டு உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து வந்தார். உள்ளங்கை அகலத்தில் வட்டமான கேஜ், அதிலிருந்து நீளமாக ஒரு ஹோஸ், கூடவே ஒரு பெட்டி நிறைய ஜாயிண்ட்டுகள். பெட்ரோல் லைனின் அழுத்தத்தைப் பார்க்கும் கருவி. அன்று அவர் செய்ததை ஒன்றரை நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் பிறகு இந்த வேலையை எங்கே கண்டாலும் நின்று பார்க்கிறேன்.

அழுத்தம் ஏன் முக்கியம் என்பதை நம் தெருக் குழாயே சொல்லும். நகராட்சி காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறது. எத்தனை குடம் நிறையும் என்பது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பொறுத்ததில்லை, தண்ணீர் வரும் வேகத்தையும் பொறுத்தது. இன்ஜெக்டரும் அப்படித்தான். எஞ்சினின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைச் சில மில்லி விநாடி திறந்து மூடுகிறது. அந்த நேரத்தைத்தான் அது கணக்குப் போடுகிறது. லைனில் இருக்க வேண்டிய அழுத்தம் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் கணக்கு அது. அழுத்தம் 3 பாரிலிருந்து 2 பாராக இறங்கினால், அதே நேரத்தில் பாயும் பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறைந்துவிடும். இந்த வகைப் பல வண்டிகளில் அழுத்தத்தைப் பார்க்கத் தனி சென்சார் கிடையாது. பெட்ரோல் குறைகிறது என்பது கம்ப்யூட்டருக்குப் புகையின் வழியாகத்தான் தெரியும், ஏன் குறைகிறது என்பது தெரியவே தெரியாது. அந்த 'ஏன்' கேஜின் முள்ளிடம் இருக்கிறது.

அண்ணன் முதலில் கேஜைத் தொடவில்லை. பட்டறையின் மூலையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பையனை நிறுத்தச் சொன்னார். தீயணைப்பு சிலிண்டரைக் காலடிக்கு இழுத்துக்கொண்டார். ஃபியூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட விட்டார். லைனில் மிச்சம் இருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு அது தானாகவே அணைந்தது. மறுபடி ஒரு செல்ஃப் அடித்துப் பார்த்தார். அதன் பிறகுதான் ஜாயிண்ட்டைப் பழந்துணியால் பொத்தி, கண்ணாடி மாட்டிய முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு கழற்றினார். துணியில் ஒரு கை அளவுக்குத்தான் ஈரம். அவசரக்காரன் இதே ஜாயிண்ட்டைக் கழற்றியிருந்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சி அடித்திருக்கும்.

அமெரிக்கக் கார்கள் பலவற்றில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் 'ரயில்' என்ற குழாயின் மேலேயே, டயருக்குக் காற்றடிக்கும் வால்வைப் போல ஒரு வாய் இருக்கும், கேஜைத் திருகினால் போதும். நம் சாலைகளில் ஓடும் பல வண்டிகளில் அந்த வசதி கிடையாது. லைனைப் பிரித்து நடுவில் டி ஜாயிண்ட் போட வேண்டும். அந்த ஜாயிண்ட் பெட்டியைப் பார்த்தாலே ஒரு மெக்கானிக் எத்தனை வகை வண்டிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அண்ணனின் பெட்டியில் பைக்குக்கு உரிய சின்ன ஜாயிண்ட்டுகளும் இருந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததும் கார்புரேட்டர் பைக்குகளின் காலம் பெரும்பாலும் முடிந்து, பல புது பைக்குகளின் டேங்க்குக்குள்ளும் மின்சார பம்ப் வந்துவிட்டது. அதுவரை பெரும்பாலும் கார் பட்டறைக்குள் இருந்த கேஜ், அதன் பிறகு தெருமுனை பைக் பட்டறைக்கும் தேவைப்பட்டது.

சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட் செய்யவில்லை. பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று இரண்டு விநாடி ஒரு முனகல். முள் எழுந்து 50 பி.எஸ்.ஐ.யில் நின்றது, அதாவது ஏறக்குறைய மூன்றரை பார். அந்த வண்டிக்கு அதுதான் சரியான அளவு.

அந்த முள்ளைத் தூக்கும் சங்கதியைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. கேஜின் முதுகைத் திறந்தால் உள்ளே தட்டையாக நசுக்கி, ஆங்கில 'சி' போல வளைத்த ஒரு பித்தளைக் குழாய் இருக்கும். ஒரு முனை மூடியது. கோயில் திருவிழாக் கடையில் குழந்தைகளுக்கு வாங்கித் தருவோமே, ஊதினால் சுருள் விரியும் காகித ஊதல், அதே தத்துவம். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும். அந்த மயிரிழை நிமிர்வைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைச் சுழற்றும். யூஜின் போர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பேட்டரி இல்லை, சிப் இல்லை. நீராவிக் கொதிகலனுக்கு அளவு சொன்ன அதே வளைந்த குழாய் இன்று பெட்ரோல் ரயிலுக்கும் சொல்கிறது.

புதிதாகக் கற்பவர்கள் முள் காட்டும் எண்ணைப் பார்க்கிறார்கள். தேர்ந்தவர்கள் முள் நடக்கும் நடையைப் பார்க்கிறார்கள். இந்தக் கலையின் ருசியே அங்கேதான் இருக்கிறது. சாவி போட்டதும் சட்டென்று எழுகிறதா, தயங்கித் தயங்கி ஏறுகிறதா? ஐடிலில் அசையாமல் நிற்கிறதா, நடுங்குகிறதா? ரேஸ் கொடுக்கும்போது ஒரு கணம் குனிந்து நிமிர்கிறதா, குனிந்தபடியே இருக்கிறதா? தேய்ந்த பம்ப்பும், டேங்க்கின் அடியில் காற்றை உறிஞ்சும் பம்ப்பும் முள்ளைத் துடிக்க வைக்கும். கிளிசரின் நிரப்பிய கேஜ்கள் இப்போது கிடைக்கின்றன. முள் ஆடாமல் பார்க்கச் சுகமாக இருக்கும். எனக்கு அண்ணனின் கிளிசரின் இல்லாத பழைய கேஜ்தான் உசத்தி. கிளிசரின் அடக்கிவிடும் அந்தச் சின்ன நடுக்கத்திலேயே பாதி வழக்கு அடங்கியிருக்கும்.

வண்டியை அணைத்தபின் செய்யும் சோதனை இதைவிட நுட்பமானது. பம்ப் நின்றதும் முள் உடனே விழக் கூடாது. ஏன் என்று கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். ஃபுட் வால்வு ஒழுகினால் பைப்பில் நின்ற தண்ணீர் ராத்திரியோடு கிணற்றுக்குள் இறங்கிவிடும், காலையில் மோட்டார் வெறும் காற்றை இழுக்கும். பெட்ரோல் பம்ப்பிலும் அப்படி ஒரு செக் வால்வு உண்டு. அது பழுதானால் காலையில் நாலைந்து செல்ஃப் அடித்தால்தான் வண்டி பிடிக்கும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தாலும் இதே தொல்லைதான். அழுத்தம் இருக்கும்வரை சூடான ரயிலில் பெட்ரோல் கொதிக்காது. அழுத்தம் போனால் ஆவியாகிவிடும்.

ஆனால் முள் விழுந்ததும் பம்ப்பைக் குறை சொல்லிவிடக் கூடாது. இன்ஜெக்டர் ஒழுகினாலும் விழும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கசிந்தாலும் விழும். அழுத்தத்தை ஏற்றிவிட்டு, கேஜ் செட்டில் இருக்கும் திருகால் டேங்க் பக்கத்தை அடைக்க வேண்டும். இப்போது முள் நின்றால் கசிவு டேங்க் பக்கம், அப்போதும் இறங்கினால் எஞ்சின் பக்கம். பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்குவார்கள். இன்றைய பிளாஸ்டிக் லைனை அப்படி நசுக்கினால் லைனே போய்விடும். எஞ்சின் பக்கம் என்றால் பிளக்குகளைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார்கள், ஒன்று மட்டும் நனைந்திருக்கும். நாலு இன்ஜெக்டரையும் ஒவ்வொன்றாக ஒரே அளவு நேரம் திறந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் முள் எத்தனை கோடு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளும் முறையும் உண்டு. குறைவாக இறங்கினால் அந்த இன்ஜெக்டரில் அடைப்பு, கூடுதலாக இறங்கினால் கசிவு.

மிஞ்சும் பெட்ரோலை டேங்க்குக்கே திருப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள வண்டிகளில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் காட்சி. ரெகுலேட்டரின் தலையில் ஒரு மெல்லிய வேக்கம் ஹோஸ் இருக்கும். ஐடிலில் அதைப் பிடுங்கினால் முள் எட்டுப் பத்து பி.எஸ்.ஐ. மேலே தாவ வேண்டும். மாட்டினால் இறங்க வேண்டும். இன்டேக்கில் காற்றின் நிலை எப்படி மாறினாலும் இன்ஜெக்டரின் இரு பக்கமும் உள்ள வித்தியாசம் மாறக் கூடாது என்பதற்காக ரெகுலேட்டர் ஓயாமல் செய்யும் வேலை அது. பிடுங்கிய ஹோஸில் பெட்ரோல் வாசம் வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க மூக்கே போதும்.

டீசல் காமன் ரயிலுக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளின் உயர் அழுத்தப் பக்கத்துக்கும் இந்தக் கேஜைக் கொண்டு போகவே கூடாது. டீசல் ரயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். ஊசிமுனை கசிவு போதும், எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். அங்கே சென்சாரையும் ஸ்கேனரையும்தான் நம்ப வேண்டும்.

என் காருக்கு வருகிறேன். சாவி போட்டபோது 50, ஐடிலில் 50, ரேஸ் கொடுத்தால் 50, அணைத்தபின் இருபது நிமிடம் கழித்தும் 45-க்குக் கீழே வரவில்லை. எல்லாம் சரி. முந்தைய பட்டறைகளில் கேஜ் மாட்டியிருந்தால்கூட இத்தோடு கழற்றி வைத்திருப்பார்கள். அண்ணன் கழற்றவில்லை. நீள ஹோஸைப் பானட்டின் ஓரமாக வெளியே எடுத்து, கேஜைக் கண்ணாடிக்கு வெளியே, முகம் நம்மைப் பார்க்க, வைப்பருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினார். பெட்ரோல் நிற்கும் ஹோஸை ஒரு நாளும் வண்டிக்குள் கொண்டு வரக் கூடாது என்றார். "மேட்டுல வர்ற நோவை மேட்டுலதானுங்க கேக்கணும்."

அன்று சாயங்காலம் காரவள்ளியிலிருந்து ஏறினோம். நான் ஓட்டினேன், அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வளைவு வரை 50. ஆறாவதில் 46. எட்டாவதில் வண்டி கனத்தபோது முள் படியிறங்குவது போல இறங்கி 32-க்கு வந்தது. காலை எடுத்ததும் ஏறியது, மிதித்ததும் இறங்கியது. மாதக்கணக்காக எனக்குக் காலில் மட்டும் தெரிந்த ஒன்றை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை லைனை ஒரு அளவுக் கேனுக்குத் திருப்பி, பம்ப்பை முப்பது விநாடி ஓட்டினார். அரை லிட்டராவது வர வேண்டும் என்பது அவர் கணக்கு. வந்தது முந்நூறு மில்லிக்குச் சற்று மேல். அழுத்தம் இருக்கிறது, அளவு இல்லை. ஐடிலில் எஞ்சின் கேட்பது கொஞ்சம் என்பதால் முள் நின்றது, மேட்டில் கேட்டபோது கொடுக்க முடியவில்லை. பம்ப் மாற்ற வேண்டியதுதானே என்றேன். "பம்ப்பு போச்சுன்னு முள்ளு சொல்லலீங்க. பம்ப்பால முடியலைன்னுதான் சொல்லுது."

பின் சீட்டைத் தூக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப்பில் 10.4. போகும் வயரில் குறையில்லை. திரும்பி வரும் எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனார். பாடியில் அது போல்ட் போட்டு இறுகியிருந்த இடத்தில், தரை விரிப்புக்கு அடியில், பச்சை பூத்து ஒரு லக். எப்போதோ மழைத் தண்ணீர் தேங்கிய இடம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து, கிரீஸ் தடவி இறுக்கினார். பம்ப்பில் 13.5 வந்தது. கேனில் அரை லிட்டரைத் தாண்டியது.

கேஜை மறுபடியும் வைப்பருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு மலைக்குப் போனோம். எட்டாவது வளைவில் 50. ஒன்பதாவதில் 50. அண்ணன் கண்ணை எடுக்காமல், "ஏசியப் போடுங்க" என்றார். போட்டேன். எஞ்சின் சத்தம் ஒரு சுற்று கனத்தது. முள் ஒரு கோடு குனிந்து, நிமிர்ந்து, அங்கேயே நின்றது.