பிளஸ் மைனஸ் இல்லாத எண்கள்

ஓசூர் சிட்கோ பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் புது ட்ராயிங் வந்தால், மேஸ்திரியின் கண் முதலில் போவது அளவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பிளஸ் மைனஸ் மீதுதான். 25 மில்லிமீட்டர் தண்டு 24.98 ஆக இருக்கலாமா, 25.02 வரை போகலாமா என்று தெரியாமல் இரும்பை மெஷினில் ஏற்ற மாட்டார்கள். லாரியும் பைக்கும் கைக்கடிகாரமும் செய்து பழகிய ஊர். எப்படி அளந்தது, எவ்வளவு பிசகலாம் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அளவு என்பது இங்கே ஐடிஐ முடித்த பையனுக்கும் தெரியும்.

கேமரா ட்ரோன் வாங்கப் போகும்போது மட்டும் இந்தப் பழக்கம் காணாமல் போய்விடுகிறது.

கல்யாண வீடியோக்காரர்கள் இன்னும் ‘ஹெலிகேம்’ என்றே சொல்லும் இந்தக் கருவிக்கு ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. முகூர்த்த நாட்களில் மண்டப வாசல், தை மாசியில் எருது விடும் விழா, பாகலூர் சாலையிலும் தளி சாலையிலும் மனை போடுகிறவர்களின் விளம்பரப் படம், சூளகிரிப் பக்கம் எழும் தொழிற்சாலைகளின் மாதாந்திர முன்னேற்றப் பதிவு, ரோஜா வளரும் பசுமைக்குடில்கள், கருங்கல் குவாரிகள் என்று பட்டியல் நீளும். வாங்குகிறவர் செய்வது ஒன்றுதான். இரண்டு மூன்று மாடல்களைப் போனில் அடுத்தடுத்து நிறுத்தி, எடை, நிமிடம், கிலோமீட்டர், பிக்சல் என்று வரிவரியாக ஒப்பிடுகிறார். எந்த மாடலில் அதிக வரிகள் பெரிய எண் காட்டுகின்றனவோ அதற்குப் பணம் கட்டுகிறார். பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். சனிக்கிழமை போய் வாங்கி வந்துவிடலாம்.

இந்தப் பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் அதன் நன்மையை மனதாரச் சொல்ல வேண்டும். அட்டவணை இல்லாத காலத்தில் கடைக்காரர் வாய்தான் அட்டவணை. ‘4கே சார், சூப்பரா வரும்’ என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. டிஜேஐ நிறுவனத்தின் மினி 2 (நவம்பர் 2020), ஏர் 2எஸ் (ஏப்ரல் 2021) இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சொல்லப்படும் பறக்கும் நேரம் 31 நிமிடம். இரண்டும் 4கே எடுக்கும். பகல் வெயிலில் எடுத்த மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்தால், போன் திரையில் பெரிய வேறுபாடு தெரியாது. அட்டவணையில் சென்சார் என்ற வரி இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும்: முதலாவது 1/2.3 அங்குலம், இரண்டாவது 1 அங்குலம்.

அந்த அங்குலமும் நேரான அளவில்லை. பழைய டிவி கேமராக்களின் கண்ணாடிக் குழாய் விட்டத்திலிருந்து வந்த பெயர் அது. ‘1 அங்குல’ சென்சார் உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், மற்றது ஏறத்தாழ 6.2க்கு 4.6. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 116 சதுர மில்லிமீட்டருக்கு எதிரே 28. ஒளி விழும் இடம் நான்கு மடங்கு. மாலை ஏழு மணி வரவேற்பில், சீரியல் பல்பு வெளிச்சத்தில், மண்டபத்துக்கு மேலே நின்று எடுக்கும் படத்தில் கூரையும் கூட்டமும் தெளிவாக விழுமா, புள்ளிபுள்ளியாகக் கலங்குமா என்பதைப் பெரும்பாலும் இந்த வரிதான் தீர்மானிக்கிறது. பகலிலேயே கடையில் பறக்கவிட்டுப் பார்க்கிறவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. இந்த இடத்தில் கண்ணைவிட அட்டவணையை நம்பலாம்.

ஷட்டர் வரியும் அப்படித்தான். குவாரியில் எவ்வளவு கல் வெட்டப்பட்டது என்று படங்களை இணைத்துக் கணக்கிடும் வேலைக்கு, பறந்துகொண்டே எடுத்தாலும் படம் சாயாத மெக்கானிக்கல் ஷட்டர் பெரிய உதவி. டிஜேஐயின் ஃபேன்டம் 4 ப்ரோவில் அது உண்டு. மினி வரிசையில் கிடையாது. 100 மீட்டர் உயரத்தில் ஃபேன்டம் 4 ப்ரோ எடுக்கும் படத்தில் ஒரு பிக்சல் தரையில் 2.7 சென்டிமீட்டருக்குச் சமம் என்பதைக்கூட அட்டவணை எண்களிலிருந்தே பெருக்கி வகுத்துச் சொல்லிவிடலாம். இயக்க வெப்பநிலை வரியை யாரும் படிப்பதில்லை. மினி 2க்கு அது 0 முதல் 40 டிகிரி. சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி அந்த மேல் எல்லையைத் தொடும் ஊர். தார் போட்ட மொட்டை மாடியில் வைத்துக் கிளப்பினால் சொல்லவே வேண்டாம்.

சிக்கல் தொடங்குவது நிமிட வரியில். எல்லாரும் முதலில் பார்க்கும் வரியும் அதுதான்.

மினி 3 ப்ரோ 34 நிமிடம் பறக்கும் என்கிறது அட்டவணை. அடிக்குறிப்பைத் தேடிப் படித்தால், காற்றே இல்லாத இடத்தில் மணிக்கு 21.6 கிலோமீட்டர் சீரான வேகத்தில் அளந்தது என்று தெரியும். கல்யாண வீட்டில் எந்த ஹெலிகேமும் அப்படிப் பறப்பதில்லை. ஏறும், நிற்கும், மாப்பிள்ளை அழைப்புக் காரைத் துரத்தும், திரும்பும். கொஞ்சம் அனுபவம் உள்ளவர் பேட்டரியில் 25 சதவீதம் மீதமிருக்கும்போதே இறக்கிவிடுவார். அதை மட்டும் கழித்தாலே 34 நிமிடம் 25 ஆகிறது. காற்றும் ஏற்ற இறக்கமும் இன்னும் கொஞ்சம் தின்னும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட எட்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. விசிறிக்கு அதே எடையைத் தூக்க நான்கைந்து சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். சின்னக் கணக்குதான். ஆனால் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இந்த வேறுபாடு ஓசூர்க்காரர்களுக்குப் புதிதே இல்லை. கம்பெனி மைலேஜ் வேறு, ரோட்டு மைலேஜ் வேறு என்பது இங்கே டீக்கடைப் பேச்சு. ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரே நல்ல உதாரணம். 2022இல் வந்த 450எக்ஸ் மாடலுக்குச் சான்று பெற்ற தூரம் 146 கிலோமீட்டர். அதே நிறுவனம் ‘ட்ரூ ரேஞ்ச்’ என்று தனியாக 105 கிலோமீட்டரையும் அச்சிட்டது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டதால், வாங்குகிறவர் இடைவெளியைத் தெரிந்துகொண்டே வாங்கினார். முதல் எண்ணும் நிறுவனம் தானாகச் சொல்லிக்கொண்டதில்லை. வெளியார் சோதித்துக் கொடுத்தது.

கேமரா ட்ரோனில் இந்த இரண்டுமே கிடைப்பதில்லை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மிகாதது நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. இந்தியாவில் வகைச் சான்று பெறும் ட்ரோன்களைச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு இருக்கிறது. நானோ வகைக்கு அந்தச் சான்றே தேவையில்லை என்று விதி விலக்கு தருகிறது. சின்னக் கருவிக்குச் சலுகை என்ற அளவில் அது நல்ல விதிதான். விளைவு என்னவென்றால், புதிதாக இறங்குகிறவர்கள் அதிகம் விரும்பும் வகையின் எண்களை உருவாக்கியவரைத் தவிர வேறு யாரும் இங்கே அளந்து பார்ப்பதில்லை. ஸ்கூட்டருக்குக் கிடைத்த வெளியார் சான்று, பறக்கும் கேமராவுக்குக் கிடையாது.

எடை வரியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எங்கே பார்த்தாலும் 249 கிராம் என்று இருப்பது பொறியியலின் தற்செயல் இல்லை. 2015இல் அமெரிக்கா 250 கிராமைப் பதிவுக்கான எல்லைக்கோடாக வைத்தது. தயாரிப்பாளர்கள் அதற்கு ஒரு கிராம் கீழே நின்றார்கள். ஜப்பானில் அப்போது எல்லை 200 கிராம் என்பதால், 2019இல் வந்த மாவிக் மினி அங்கே சின்ன பேட்டரியோடு 199 கிராமாக விற்கப்பட்டது. பறக்கும் நேரம் 18 நிமிடமாகக் குறைந்தது. சட்டம் எங்கே கோடு கிழிக்கிறதோ அங்கே கருவியின் உடம்பும் மாறுகிறது.

இந்தியாவில் அந்தக் கோட்டைத் தாண்டுவது வீடியோக்காரருக்குப் பெரிய விஷயம். மினி 3 ப்ரோவுக்கு ‘பிளஸ்’ பேட்டரி போட்டால் 47 நிமிடம் என்று அட்டவணை பெருமையாகச் சொல்லும். எடை ஏறத்தாழ 290 கிராம் ஆகிவிடும் என்பது வேறொரு வரியில் கிடக்கும். அந்த நிமிடமே அது மைக்ரோ வகை. கூலிக்குப் படம் எடுப்பவர் மைக்ரோ ட்ரோனைப் பறக்கவிட, பயிற்சி நிறுவனத்தில் படித்து ரிமோட் பைலட் சான்று வாங்கியிருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். 895 கிராம் மாவிக் 3 வாங்குகிறவருக்கும் இதே கதைதான். இந்தச் செலவும் நாட்களும் எந்த அட்டவணையிலும் விலைக்குப் பக்கத்தில் எழுதப்படுவதில்லை. இறக்கை காப்பு வளையத்தை மாட்டினால்கூட 250 கிராம் கோட்டைத் தாண்டிவிடும்.

கிலோமீட்டர் வரியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மினி 2க்கு அமெரிக்க அலைவரிசை விதியில் 10 கிலோமீட்டர், ஐரோப்பிய விதியில் 6. பாதி அட்டவணைகள் 10 என்று மட்டும் போடும். உள்ளங்கை அளவுக் கருவி அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணுக்கே தெரியாது. தொழிற்பேட்டைக்குள் வைஃபை இரைச்சலும் இரும்புக் கூரைகளும் வேறு. உயரமும் அப்படித்தான். 4,000 மீட்டர் வரை ஏறக்கூடிய கருவியாக இருந்தாலும், அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டும் இடத்தில் அனுமதியின்றிப் பறக்கக்கூடியது 400 அடி, அதாவது 120 மீட்டர். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுதளம் இருக்கிறது. 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்திருக்கிறார். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர்க் கல்யாணத்துக்கு ஆர்டர் எடுத்தால், எச்ஏஎல், யெலகங்கா, ஜக்கூர் என்று வான்வழிக் கட்டுப்பாடுகள் அடுக்கடுக்காக வரும். எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்பதற்கு முன் எங்கே போகவிடுவார்கள் என்று வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

காற்று வரி உயிரான வரி, ஆனால் தனியே நின்றால் ஏமாற்றும். மினி 2 தாங்கும் காற்று வினாடிக்கு 10.5 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர். அம்மியும் பறக்கும் என்பார்கள் ஆடிக்காற்றை; 249 கிராம் கருவி அதில் நிற்கும் என்றால் வியப்புதான். ‘தாங்கும்’ என்றால் இடத்தை விட்டுத் தள்ளப்படாமல் நிற்கும் என்று பொருள். திரும்பி வருமா என்பது வேறு கேள்வி. திறந்தவெளியில் தரைக்குச் சற்று மேலே வீசுவதைவிட 100 மீட்டர் உயரத்தில் காற்று ஏறத்தாழ 1.4 மடங்கு வேகமாக வீசும். இதன் உச்ச வேகம் மணிக்கு 57 கிலோமீட்டர். எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், நிலத்தின் மேல் நகர்வது 27தான். திரும்பும் நேரம் இரட்டிப்பாகும், பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் வீடியோக்காரர் தப்பிக்கலாம். கட்டடப் படமும் குவாரி அளவும் ஆடி பார்த்து நிற்பதில்லை.

அட்டவணைக்குள் வரவே வராத விஷயங்களும் உண்டு. 2016 அக்டோபரில் கோப்ரோ நிறுவனம் ‘கர்மா’ என்ற ட்ரோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பறந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்து சில விழுந்தன. அடுத்த மாதமே ஏறத்தாழ 2,500 கருவிகளைத் திரும்பப் பெற்றார்கள். பேட்டரியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி எவ்வளவு உறுதி என்று எந்த அட்டவணையில் தேடுவது?

இந்தியாவில் இன்னொரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது; பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்க வாசகருக்காகத் தயாரான ஒப்பீட்டைப் பார்த்து இங்கே ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்கிறவர், அது எந்த வழியில் உள்ளே வந்தது, ஜிஎஸ்டி பில் உண்டா, உடைந்தால் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் எங்கே கிடைக்கும் என்று எதையும் அந்தத் தாளில் காண முடியாது. முகூர்த்த மாதத்தின் நடுவில் ஒரு மோட்டார் போய்விட்டால், சென்சார் எத்தனை அங்குலமாக இருந்து என்ன? பில்லும் உதிரிப் பாகமும் இல்லாத நல்ல ட்ரோனைவிட, அவை உள்ள சுமாரான ட்ரோனே தொழில் செய்கிறவருக்கு ஏற்றது.

சத்தமும் அப்படிப்பட்ட ஒன்று. சானமாவு, தளி, ஜவளகிரிக் காடுகளை ஒட்டி யானைகள் நடமாடும் மாவட்டம் இது. டான்சானியாவில் பயிரை விட்டு யானைகளை விலக்கவே ட்ரோன் பயன்பட்டிருக்கிறது. அந்த இரைச்சல் அவற்றை அந்த அளவு கலைக்கிறது. காட்டோரத் தோட்டத்துக்கு மேலே விளம்பரப் படம் எடுக்கிறவர், தெரியாமல் ஒரு கூட்டத்தையே அடுத்த ஊர்ப் பக்கம் திருப்பிவிடக்கூடும். ஐரோப்பாவில் சில வகை ட்ரோன்களின் மேலேயே இரைச்சல் அளவை டெசிபலில் ஒட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் கேட்டதால் அங்கே எண் கிடைக்கிறது. இங்கே வாங்குகிறவரும் கேட்கவில்லை, அரசும் கேட்கவில்லை.

ஆகவே ஒப்பீட்டு அட்டவணையை வடிகட்டியாக வைத்துக்கொள்வதே சரி. சென்சார், ஷட்டர், எடை, வெப்பநிலை ஆகிய நான்கு வரிகளை வைத்துப் பத்து மாடலை மூன்றாகக் குறைக்கலாம். நிமிடம், கிலோமீட்டர், காற்று ஆகிய மூன்றையும் அந்தத் தாளை வைத்து முடிவு செய்யக் கூடாது. வாடகைக்கு ஒருநாள் எடுத்தோ, தொழிலில் இருக்கும் நண்பரின் கருவியை வைத்தோ நம்ம ஊர்க் காற்றில் பார்க்க வேண்டும்.

இதைத் தனித்தனி ஆளாகச் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஓசூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. ஆளில்லா விமானங்களுக்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கழகத்தை 2022இல் தொடங்கியிருக்கிறது. வேண்டியது வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் ஒரு திறந்த மைதானம், காற்று வேகமானி, கிராம் தராசு, ஸ்டாப்வாட்ச். பேட்டரி நூறு சதவீதத்திலிருந்து இருபத்தைந்து வரை, 60 மீட்டர் உயரத்தில், காற்று எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடலையும் ஐந்து முறை பறக்கவிட்டால், நிமிடத்துக்குப் பக்கத்தில் பிளஸ் மைனஸ் போட்டு எழுதக்கூடிய எண் கிடைத்துவிடும். பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போட்டால் நான்கு மாடல்களுக்கு இரண்டு நாள் வேலை.