இணையவழித் தமிழ்ப் பாடமும் தோட்டத்து மாணவரும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழை இணையத்தின்வழிக் கற்பிக்கும் முயற்சிகள் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டன. அவற்றின் தொழில்நுட்பச் சிறப்புகள் பலவாறு பேசப்பட்டுள்ளன. அவை எத்தகைய மாணவரை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டன என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. கோலசிலாங்கூர் மாவட்டத்தில் அசாம் ஜாவாவைச் சூழ்ந்துள்ள தோட்டப்புறங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளையை உரைகல்லாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் அதன் மொழியும்

மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவாயிற்று. இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் அது அமைந்துள்ளது. புதிதாக வந்த அம்மரத்தின் காய்க்குத் தோட்டத் தமிழர் வழங்கிய பெயர் 'முள்ளுத்தேங்காய்' என்பதாகும். 'செம்பனை' என்பது பாடநூலும் நாளிதழும் பயன்படுத்தும் சொல். காலை உணவு உண்பதை இம்மக்கள் 'பசியாறுதல்' என்பர். விடியற்காலையில் தொழிலாளர் பெயர் கொடுக்கக் கூடுவதைப் 'பெரட்டு' என்பர். சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை 'ஆயக்கொட்டகை' என்பர். தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் இன்று மிகுதி. ஆயினும் இச்சொற்கள் பாட்டியின் வாயிலும் பேரப்பிள்ளையின் செவியிலும் இன்னும் வாழ்கின்றன. இப்பிள்ளைக்குத் தமிழ் அந்நியமன்று. எழுத்துத்தமிழ் மட்டுமே புதிது.

பாடங்கள் எண்ணிய மாணவர்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001 பிப்ரவரி 17ஆம் நாள் தொடங்கப்பெற்றது தமிழ் இணையப் பல்கலைக்கழகம். 2010 முதல் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகிறது. மழலைக் கல்வி முதல் பட்டக் கல்வி வரை படிநிலைப் பாடங்களையும் பெரியதொரு மின்னூலகத்தையும் அமைத்த அதன் பணி என்றும் போற்றத்தக்கது. எனினும் அதன் தொடக்கநிலைப் பாடங்கள், வீட்டில் தமிழ் குன்றிப்போன அயலகப் பிள்ளையை எண்ணி எழுத்து, சொல், உரையாடல் எனத் தொடங்குகின்றன. பட்டநிலைப் பாடங்களோ எழுத்துத்தமிழில் தேர்ந்தவரை எதிர்நோக்குகின்றன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வாசு அரங்கநாதன் உருவாக்கிய இணையப் பாடங்கள் பேச்சுத்தமிழுக்கும் இடமளித்தன. ஆனால் அவை தமிழை வேற்றுமொழியாகப் பயிலும் பல்கலைக்கழக மாணவர்க்குரியவை. சரளமாகப் பேசவும் எழுத்தில் தடுமாறவும் செய்யும் தோட்டத்து மாணவர் இவ்விரு நிலைகளுக்கும் இடையே விடுபட்டுப் போகிறார்.

இக்குறை அப்பாடங்களை எழுதியோரின் கவனக்குறைவு அன்று. அவர்கள் வகுத்துக்கொண்ட நோக்கம் வேறு. அப்பாடங்களையே மாதிரியாகக் கொண்டு மலேசிய மாணவர்க்குப் பாடம் ஆக்கும்போதுதான் அது குறையாகிறது.

திருத்தும் கருவியும் திருத்தும் ஆசிரியரும்

வகுப்பறையில் படத்தைக் காட்டி இது என்னவென்று ஆசிரியர் வினவ, மாணவர் 'முள்ளுத்தேங்காய்' என்கிறார் எனக் கொள்வோம். நல்லாசிரியர் அவ்விடையை ஏற்றுக்கொண்டு, நூல்களில் இது 'செம்பனை' என எழுதப்படும் என்று ஒரு படி முன்னே அழைத்துச் செல்வார். தானே திருத்தும் இணையப் பயிற்சியில் சரியான விடை ஒன்றே உள்ளது. மாணவரின் சொல் அங்குத் தவறெனச் சிவப்பில் காட்டப்படும். தம் தாயின் சொல் பிழை என்பதை ஏழு வயதுப் பிள்ளை முதன்முதலில் ஓர் இயந்திரத்திடமிருந்து அறிந்துகொள்ளும் நிலையை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது. ஆசிரியரின் அந்த இடையீட்டைப் பாடம் ஆக்குபவரே முன்கூட்டிப் பாடத்தினுள் எழுதி வைத்தல் வேண்டும். வட்டார வழக்கையும் ஏற்று, அதற்கு நிகரான எழுத்துவழக்கைச் சுட்டும் விடைக்குறிப்பு எழுதுவது தொழில்நுட்ப வகையில் அரிய செயலன்று.

வட்டார வழக்கிற்கு இடமளித்தால் மாணவர் தேர்வில் பின்தங்குவர் என ஆசிரியர் சிலர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. பேச்சுவழக்கு பாடத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதே நம் விடை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வாழ்வில் வழங்கும் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதனால் அங்கு எழுத்துத்தமிழ் கைவிடப்படவில்லை.

கருவியும் காலமும்

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பிற்கு வந்தபின், கல்வியமைச்சு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவரைப் பற்றிப் பெற்றோரிடம் நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. கருவியுடையோரிலும் பெரும்பாலோர் நம்பியிருந்தது திறன்பேசியையே. பெரட்டுக்குச் செல்லும் தந்தையுடன் விடியலில் வெளியேறும் அத்திறன்பேசி மாலையில்தான் வீடு திரும்பும். காலை எட்டு மணிக்கு நேரலையில் நடத்தப்படும் வகுப்பு எவ்வளவு சுவையானதாயினும் அப்பிள்ளைக்கு இல்லாத வகுப்பே. புலனத்தின்வழி அனுப்பப்படும் சில நிமிடக் குரல்பதிவோ இரவிலும் கேட்கத்தக்கது, மீண்டும் கேட்கத்தக்கது, காணொலியைவிட மிகக் குறைந்த தரவில் வந்து சேர்வது. மொழிப்பாடத்தின் முதல் திறனாகிய கேட்டலுக்கு அதுவே போதுமானது.

உள்ளீட்டு முறையும் கருதத்தக்கது. ரோமன் எழுத்துவழித் தமிழைத் தட்டும் முறை பெரியோர்க்கு எளிது. அரிச்சுவடி பயிலும் பிள்ளையோ ழகரத்தைப் பெற ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்தைத் தேட வேண்டியுள்ளது. 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைப் பிள்ளை தட்டும்போதே உணர்கிறது. தொடக்கநிலைப் பாடங்கள் இம்முறையையே தழுவுதல் நன்று.

ஈடுபாடு என்பது யாது

ஈடுபாட்டை அசையும் படங்களாலும் புள்ளிகளாலும் அளப்பது இன்றைய வழக்கம். மொழியில் ஈடுபாடு பிறப்பது, சொல்வதற்கு ஒரு செய்தியும் கேட்பதற்கு ஒருவரும் இருக்கும்போது என நாம் கருதுகிறோம். பாட்டியிடம் ஐந்து தோட்டச் சொற்களைக் கேட்டுப் பதிந்து வருமாறு பணித்தால், பிள்ளை கேட்கிறது, பேசுகிறது, பின்னர் எழுத்துத்தமிழில் விளக்கியும் எழுதுகிறது. அப்பதிவுகள் தொகுக்கப்படின் மறைந்துவரும் தோட்ட வழக்கிற்கு ஓர் அகராதியும் கிட்டும். கல்வியறிவு குறைந்த பெற்றோரும் அப்பாடத்தில் பங்குபெறுவர்.

முடிவுரை

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பல வசதி குன்றியவை. ஆயினும் பிள்ளை இருந்த இடத்திற்குப் பள்ளி வந்தது. கோலாலம்பூரிலிருந்து அசாம் ஜாவா வட்டாரத்தை எளிதில் அடைய 2011 முதல் லாத்தார் நெடுஞ்சாலை உள்ளது. இணையமோ அத்தொலைவையும் இல்லாமல் ஆக்கவல்லது. இருப்பினும் பாடம் பிள்ளையின் வீட்டுக் கருவியையும் வீட்டுப் பேச்சையும் அறியாதிருப்பின் அது அவ்வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. எனவே ஓர் இணையப் பாடத்தை வெளியிடுமுன், இது ஒரே திறன்பேசியுள்ள வீட்டில் இரவில் பயிலத்தக்கதா, மாணவரின் சொல்லுக்கு இதில் இடமுண்டா என்னும் இரு வினாக்களையேனும் பாடம் ஆக்குவோர் எழுப்புதல் வேண்டும். அவற்றுக்குரிய விடைகளைத் தோட்டப்புறப் பள்ளிகளின் ஆசிரியர்கள் நன்கறிவர். பல்கலைக்கழகத்தார் அவர்களை நாடிச் சென்று கேட்பதே முதற்பணியாகும்.