இரத்தக் காட்டேரிகளில் அசல் எது, போலி எது?

அணுக்கருப் பிளவில் நிகழும் தொடர்வினையை ஒரு நாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும் வேகம் மாணவர் மனத்தில் பதிய வேண்டுமே என்று ஒரு வேடிக்கைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். அமெரிக்காவில் கோஸ்டாஸ் எஃப்திமியூ, சோஹங் காந்தி என்ற இரு இயற்பியலார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு அது.

1600-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், உலகில் ஒரே ஓர் இரத்தக் காட்டேரி தோன்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மாதத்திற்கு ஒருவரைக் கடிக்கிறது. கடிபட்டவரும் காட்டேரியாகி, மாதத்திற்கு ஒருவரைக் கடிக்கத் தொடங்குகிறார். அன்றைய உலக மக்கள்தொகை ஏறத்தாழ 53 கோடியே 68 இலட்சம். முதல் மாத முடிவில் காட்டேரிகள் இரண்டு, அடுத்த மாதம் நான்கு, அதற்கடுத்து எட்டு. 29 மாதங்களில் 53 கோடியே 68 இலட்சத்து 70 ஆயிரத்து 912! அதாவது 1602-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கடிப்பதற்கு ஒரு மனிதர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். ஆனால் நாம் இருக்கிறோம். எனவே காட்டேரி இல்லை.

வகுப்பு சிரித்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவர் மட்டும் எழுந்து, "சார், அமெரிக்காவில் தங்களை இரத்தக் காட்டேரி என்றே சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்களாமே. அவர்கள் எல்லோரும் பொய்யர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம், வேறென்ன?" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தப் பதில் விஞ்ஞானம் அன்று என்பது எனக்கு உறைத்தது. எங்கே தவறினேன் என்பதை நீங்களும் என்னோடு சேர்ந்து பாருங்கள்.

கணக்கு எதைத் தகர்க்கிறது?

அந்தக் கணக்கு தகர்ப்பது நாவலிலும் திரைப்படத்திலும் வரும் காட்டேரியை. கடித்தால் தொற்றும், சாவு இல்லை என்ற கற்பனைகளைத்தான் அது வீழ்த்துகிறது. ஆனால் இன்று தம்மை 'உண்மையான வாம்பயர்' என்று அழைத்துக்கொள்வோர் பெரும்பாலும் இவற்றைச் சொல்வதே இல்லை. அவர்கள் பகலில் வேலைக்குப் போகிறார்கள், வரி கட்டுகிறார்கள், நம்மைப் போலவே மூப்படைகிறார்கள்.

இவர்களைப் பற்றி ஜோசப் லேகாக் என்ற சமய ஆய்வாளர் 2009-இல் ஒரு நூல் எழுதினார். ஜான் எட்கர் பிரௌனிங் என்பவர் நியூ ஆர்லியன்ஸ், பஃபலோ ஆகிய நகரங்களில் இவர்களோடு நேரில் பழகி, 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இவ்விருவரும் காட்டும் சித்திரம் சுருக்கமாக இது: ஒரு சாரார், விரும்பித் தருபவரிடமிருந்து சிறிதளவு இரத்தம் பெற்று அருந்துகிறார்கள். மற்றொரு சாரார் இரத்தத்தைத் தொடுவதில்லை. பிறரிடமிருந்து 'உயிர்ச்சக்தி'யை ஈர்ப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டும் செய்வோரும் உண்டு. ஈர்க்காவிட்டால் சோர்வும் தளர்ச்சியும் வாட்டுகின்றன என்பது அவர்கள் கூற்று. இது தாங்கள் தேர்ந்தெடுத்ததன்று, பருவ வயதையொட்டித் தானாகவே வெளிப்பட்டது என்றும் பலர் கூறுகிறார்கள்.

அசல், போலி என்ற வழக்கு இங்கேதான் எழுகிறது. கறுப்பு அங்கி அணிந்து, செயற்கைக் கோரைப் பற்களைப் பொருத்திக்கொண்டு விருந்துக்குப் போகிறவரை இவர்கள் தம்மவராக ஏற்பதில்லை. 'அவர் வேடம் போடுகிறார். எனக்கோ இது தேவை' என்கிறார்கள். இரத்தம் அருந்துவோரில் சிலர், சக்தி ஈர்ப்போரையும் ஐயத்தோடு நோக்குகிறார்கள். ஆக, வெளியிலிருந்து நாம் கேட்கும் கேள்வியை அவர்கள் தமக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார்கள்: யார் உண்மையானவர்?

ஒரு சொல், மூன்று கேள்விகள்

தமிழாசிரியர்கள் சொல்லித்தரும் பாகுபாடு ஒன்று இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. உள்ளத்தைச் சார்ந்தது உண்மை. வாயைச் சார்ந்தது வாய்மை. மெய்யாகிய உடலைச் சார்ந்தது மெய்ம்மை. பேச்சு வழக்கில் இம்மூன்றையும் ஒன்றாகவே கொள்கிறோம். நம் விஷயத்திலோ இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். இவர் அந்தத் தேவையை உள்ளத்தில் உணர்கிறாரா? உணர்ந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறாரா? அவர் உடலில் அப்படியொரு தேவை இருக்கிறதா?

முதல் இரண்டிற்கும் 'ஆம்' என்று விடை வந்தாலும், மூன்றாவதற்கு 'இல்லை' என்று வரக்கூடும். அப்போது அவர் பொய்யர் ஆகமாட்டார். தவறாக எண்ணிக்கொண்டவர் ஆவார். என் பதிலில் இருந்த பிழை இதுவே. மெய்யைப் பற்றிய விடையை வைத்து, வாயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அவர்களும் இதே பிழையை எதிர்த் திசையில் செய்கிறார்கள். 'நான் உளமாரச் சொல்கிறேன். ஆகவே என் உடலுக்கு இது தேவை' என்று முடிவு கட்டுகிறார்கள். உளமாரச் சொல்வது சொன்னவரின் நேர்மைக்குச் சான்று. அவர் உடலின் இயக்கத்திற்கு அது சான்றாகாது.

மெய் என்ன சொல்கிறது?

இரத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர் இரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். புரதம் ஏறத்தாழ 1 கிராம். இரும்பு சுமார் 2.5 மில்லி கிராம். கிடைக்கும் ஆற்றல் சுமார் 4 கிலோ கலோரி. ஓர் இட்டிலியில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குதான் இது! இரத்தத்தை மட்டுமே உண்டு வாழும் வௌவால் இனம் தென் அமெரிக்காவில் உண்டு. அது ஓரிரவில் தன் எடையில் பாதியளவு இரத்தம் குடிக்கிறது. இரண்டு மூன்று இரவுகள் உணவு கிடைக்காவிட்டால் இறந்துவிடுகிறது. அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு இரவுக்கு 30 லிட்டர் வேண்டும். ஓர் ஆளின் உடலில் மொத்தம் இருப்பதோ ஏறத்தாழ 5 லிட்டர். எனவே உணவு என்ற கணக்கில் அந்தச் சில துளிகள் நிற்கமாட்டா. குடித்தபின் தெம்பு வருகிறது என்றால், எதிர்பார்ப்பே தெம்பு தரும் என்ற மருத்துவ அனுபவத்தை முதலில் நினைக்க வேண்டும். சர்க்கரை உருண்டையை மருந்தென்று நம்பி விழுங்கியவருக்கும் வலி குறைவதுண்டு அல்லவா?

இதில் அபாயமும் உண்டு. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் இரத்தத்தின் வழியே பரவுபவை. இரத்தம் தருபவரை முன்கூட்டியே பரிசோதிக்கிறோம் என்று இவர்களில் பலர் சொல்கிறார்கள். பரிசோதனை அபாயத்தைக் குறைக்கும், அறவே நீக்காது.

இனிச் சக்தி ஈர்ப்போர். சக்தி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் துறையினர் 'எத்தனை ஜூல்?' என்றுதான் கேட்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து வினாடிக்கு 100 ஜூல் அளவில் வெப்பம் வெளியேறுகிறது. இதை அளக்கலாம். அருகில் இருப்பவர் எதையேனும் ஈர்த்தால் அந்த அளவில் மாறுதல் தெரிய வேண்டும். 'இது உங்கள் கருவிக்கு அகப்படாது. உணரத்தான் முடியும்' என்று பதில் வரலாம். நல்லது. உணர்வதையும் சோதிக்க முடியும். அதை ஒரு பள்ளிச் சிறுமியே செய்து காட்டியிருக்கிறாள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த எமிலி ரோசா ஒன்பது வயதில் செய்த சோதனை அது. மனித உடலைச் சூழ்ந்த சக்திப் புலத்தைக் கையால் உணர்ந்து நோய் தீர்ப்பதாகக் கூறிய சிகிச்சையாளர்கள் 21 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அட்டைத் தடுப்பில் இரு துளைகள். அவற்றின் வழியே அவர்கள் இரு கைகளையும் நீட்டினார்கள். மறுபுறம் எமிலி தன் கையை ஏதேனும் ஒரு கைக்குச் சற்று மேலே பிடித்தாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறைகளில் 123 முறை சரியாகச் சொன்னார்கள். அதாவது 44 விழுக்காடு. காசு சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட 50 விழுக்காடு வந்திருக்கும்! அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் 1998-இல் இதை வெளியிட்டது. அந்த 21 பேரும் பொய்யர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். பொய்யர்களாக இருந்தால் இந்தச் சோதனைக்கு வந்து அமர்ந்திருப்பார்களா?

'ஒரு வாம்பயரை மற்றொரு வாம்பயர் பார்த்த மாத்திரத்தில் உணர்ந்துகொள்வார்' என்ற நம்பிக்கையும் இவர்களிடையே உண்டு. அசலைப் போலியிலிருந்து பிரிக்க அவர்கள் வைத்திருக்கும் உரைகல் இது. அந்த உரைகல்லையே உரைத்துப் பார்க்க எமிலியின் அட்டைத் தடுப்பு போதும்.

கேள்வித்தாளின் எல்லை

அட்லாண்டா நகரிலுள்ள ஒரு வாம்பயர் அமைப்பு, 2006-ஆம் ஆண்டு முதல் தம்மவரிடையே நீண்ட கேள்வித்தாள்களைச் சுற்றுக்கு விட்டுப் பதில்களைத் திரட்டியது. தம்மைத் தாமே ஆராய முன்வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் தம்மை வாம்பயர் என்று முன்பே முடிவு செய்தவரிடம் மட்டும் கேட்டால் என்ன கிடைக்கும்? சோர்வு, தூக்கக் கேடு, வெயிலில் கண் கூச்சம் ஆகியவை நமக்கும்தான் இருக்கின்றன. தேர்வுக் காலத்தில் எந்த மாணவர் விடுதிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்! ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாத கணக்கெடுப்பு, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்லும்; ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லாது.

விஞ்ஞானியும் தடுக்கி விழுந்தார்

அவர்களை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. 1985-ஆம் ஆண்டில் கனடா நாட்டு வேதியியல் அறிஞர் டேவிட் டால்ஃபின், அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றக் கழகத்தின் கூட்டத்தில் ஒரு கருத்தை வெளியிட்டார். பழங்காலத்தில் காட்டேரி என்று அஞ்சப்பட்டவர்கள் போர்ஃபீரியா நோயாளிகளாக இருந்திருக்கலாம். இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீம் என்னும் பொருளின் குறையை ஈடுசெய்ய அவர்கள் இரத்தம் குடித்திருக்கலாம் என்றார். பத்திரிகைகள் இதை வாரி எடுத்துக்கொண்டன.

கருத்து கவர்ச்சியானது, ஆனால் நிற்காதது. குடித்த இரத்தத்திலுள்ள ஹீம் குடலிலேயே சிதைந்துவிடும். சில வகைப் போர்ஃபீரியாவுக்கு ஹீம் உண்மையிலேயே மருந்துதான். ஆனால் அதை நாளத்தின் வழியே ஏற்ற வேண்டும். வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பதும் பழங்கதையன்று; 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானியத் திரைப்படம் பரப்பியது அது. 1897-இல் வெளிவந்த நாவலில் டிராகுலா பகலில் நடமாடுகிறான். 1732-இல் செர்பிய கிராமமொன்றில் காட்டேரி என்று தோண்டிப் பார்க்கப்பட்டவையோ பிணங்கள். அவற்றின் உப்பலும் சிவப்பும் அழுகலின் இயல்பான அறிகுறிகளே.

ஆனால் விளைவு என்ன? எங்கோ மருத்துவமனையில் இருந்த போர்ஃபீரியா நோயாளிகள், தாம் கேட்டே இராத ஒரு பட்டத்தைச் சுமந்தார்கள். அவர்கள் பட்ட வேதனையை நாட்டார் வழக்காற்று அறிஞர் நோரின் டிரெஸ்ஸர் 1989-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். ஆராயாமல் சொன்ன 'ஆம்' இவ்வளவு செய்தது. ஆராயாமல் சொன்ன 'இல்லை' என்ன செய்யும்?

அதற்கும் விடை இருக்கிறது. ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி.ஜே. வில்லியம்ஸ், தம்மை வாம்பயர் என்று கருதும் 11 பேரிடம் கேட்டறிந்து 2015-இல் ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ இதைச் சொல்ல அவர்களில் பெரும்பாலோர் அஞ்சினார்கள். சிரிப்பார்கள், பைத்தியம் என்பார்கள், கொடியவர் என்பார்கள் என்ற அச்சம். 11 பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இதன் பொருளைச் சிந்தியுங்கள். ஓயாத சோர்வுக்கு இரத்தச் சோகை காரணமாகலாம், தைராய்டுக் கோளாறு காரணமாகலாம், மனச்சோர்வும் காரணமாகலாம். இவையெல்லாம் கண்டறியத்தக்கவை, சிகிச்சை உள்ளவை. அந்தச் சோர்வை ஒருவர் மருத்துவரிடம் மறைத்தால், மெய்யைப் பற்றிய கேள்விக்கு விடை காணும் வழியே அடைபட்டுப் போகிறது. அடைத்தவர்களில் சிரித்தவர்களுக்கும் பங்கு உண்டு. என் வகுப்பும், நானும் உட்பட.

அடுத்த வாரம் அந்த மாணவரை எழுப்பி, என் பதிலைத் திருத்திக்கொண்டேன். "அவர்கள் பொய்யர்கள் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அவர்கள் உடலுக்கு இரத்தம் தேவை என்று சொல்ல அவர்களிடமும் சான்று இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே எழுதிக்கொள்" என்றேன். எழுதிக்கொண்டவர் மறுபடியும் கேட்டார்: "சார், அப்படியானால் அந்த அட்டைத் தடுப்புச் சோதனையை நம் ஊரில் குறி சொல்பவரிடமும் செய்து பார்க்கலாமா?"

செய்யலாம். ஆனால் சோதனைக்கு வருபவரைச் சிரிக்காமல் வரவேற்கத் தெரிந்தவர்களே அதைச் செய்ய வேண்டும்.