வழி மறித்தவருக்கு 500 ரூபாய்

சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாசுக்கு, பெண் ஐ.பி.எஸ். அதிகாரியைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய வழக்கில் 2023 ஜூன் 16 அன்று எங்கள் விழுப்புரம் நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. எல்லோரும் அந்த 3 ஆண்டைப் பற்றித்தான் பேசினோம். என்னை உறுத்துவது அதே தீர்ப்பில் இருக்கும் இன்னொரு எண்.

2021-இல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அதிகாரியின் காரைப் பரனூர் சுங்கச்சாவடியில் போலீசாரே மறித்தார்கள். மறித்த செங்கல்பட்டு எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம்.

1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 341-ஆவது பிரிவில் வழிமறிப்புக்கு ஒரு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டம் தொகையை 5,000 ஆக்கியிருக்கிறது, அவ்வளவுதான். தெருச்சண்டையில் ஒருவன் குறுக்கே நிற்பதும், சீருடை போட்டவர் ஒரு பெண்ணின் புகாரையே மறிப்பதும் அதற்கு ஒன்றுதான். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையைக் கண்காணித்ததை மறுக்கவில்லை. ஆனால் தண்டனை என்று வந்தபோது நீதிமன்றத்தின் கையில் இருந்தது இந்தப் பழைய அளவுகோல்தான்.

இதே மாவட்டத்தின் மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமக்கும் பெண்ணை மறிக்கப் போலீஸ் படை வேண்டாம். "நாளைக்கு வேலைக்கு வராதே" என்று மேஸ்திரி சொன்னால் போதும். திண்டிவனம் போய்வந்தாலே ஒரு நாள் கூலி போச்சு. காக்கிச்சட்டையும் பதவியும் இருந்தவரையே பரனூரில் நிறுத்தினார்கள்.