மலகாவும் அருளும்: ஃபிளானரி ஓ'கானரின் கதையுலகம்

இறைநம்பிக்கையில் ஊறிய ஒருவர் புனைகதை எழுதப் புகும்போது இரு தரப்பார் அவரிடம் இரு கோரிக்கைகளை வைக்கின்றனர். படிப்போர் நன்னெறி பெறும்படி எழுதுக என்பர் மார்க்கத்தார். நம்பிக்கையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருக என்பர் இலக்கியத்தார். நமது சூழலிலும் இவ்விரு குரல்கள் ஓயாது ஒலிக்கின்றன. இவ்விரண்டுக்கும் இணங்க மறுத்து, நம்பிக்கையையும் கலையையும் ஒருசேரக் காத்தவர் அமெரிக்கக் கத்தோலிக்கப் பெண் எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர். அவருடைய கொள்கை நமது கொள்கையன்று. ஆயினும் அவர் எதிர்கொண்ட சிக்கல் நம்முடையதும்தான்.

1925 மார்ச் 25 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் ஒரே மகளாக அவர் பிறந்தார். பதினைந்தாம் வயதில் தந்தையை இழந்தார். தந்தையின் உயிரைப் பறித்தது லூபஸ் என்னும் நோய். உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் கொடிய பிணி அது. அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை பயின்று 1947இல் பட்டம் பெற்ற ஓ'கானர், வடபகுதியிலேயே தங்கி எழுத விரும்பினார். ஆனால் 1950இன் இறுதியில் அதே நோய் அவரையும் பற்றியது. மில்லெட்ஜ்வில் ஊருக்கு அருகே தாயாருடன் ஒரு பால்பண்ணையில் எஞ்சிய நாள்களைக் கழித்தார். அப்பண்ணையின் பெயர் ஆண்டலூசியா. நமது அந்தலுஸின் பெயர் அமெரிக்கத் தென்பகுதியின் செம்மண் நிலம்வரை சென்று சேர்ந்திருப்பதை அரபு பயின்றோர் கவனிக்காமல் இருக்க இயலாது. காலையில் எழுத்து, மாலையில் மயில்கள், ஊன்றுகோல்களின் துணையோடு நடை, இரவில் தாமஸ் அக்குவினாஸின் நூல் என அவரது வாழ்வு கழிந்தது. 1964 ஆகஸ்ட் 3 அன்று 39ஆம் வயதில் மறைந்தார். 'வைஸ் பிளட்' (1952) உள்ளிட்ட இரு நாவல்களும் முப்பத்தொரு சிறுகதைகளும் அவரது புனைவுச் செல்வம். கதைகளின் முழுத் தொகுப்பு 1971இல் வெளிவந்து, மறு ஆண்டு அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது.

அக்குவினாஸ் வழியாகவே நாம் ஓ'கானரை நெருங்கலாம். இப்னு சீனா, இப்னு ருஷ்து ஆகியோரின் நூல்களை இலத்தீனில் பயின்று, அவற்றை ஏற்றும் மறுத்தும் தம் சிந்தனையைக் கட்டியவர் அக்குவினாஸ். அவரது தத்துவத்தை அடியொற்றி ஜாக் மாரித்தேன் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதிய கலைக்கோட்பாட்டு நூலை ஓ'கானர் தம் வழிகாட்டியாகக் கொண்டார். அதன் மையக் கருத்து 'ஹாபிடஸ்'. இப்னு சீனாவின் இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் 'மலகா' என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடாக நிற்பதும் இச்சொல்லே. இடைவிடாப் பயிற்சியால் உள்ளத்தில் வேரூன்றி, இரண்டாம் இயல்பாகவே ஆகிவிடும் திறன் மலகா. மொழியும் அத்தகைய ஒரு மலகா என்று இப்னு கல்தூன் முகத்திமாவில் விளக்குவதை நம் மாணவர்கள் அறிவர். எழுத்தும் அவ்வாறே என்பது ஓ'கானரின் துணிபு. பக்தி எவ்வளவு ஆழமாயினும் அது இந்த மலகாவுக்கு மாற்றாகாது. நல்ல எண்ணத்தால் மட்டும் நல்ல தச்சர் உருவாவதில்லை, கதாசிரியரும் அப்படியே.

1957இல் 'அமெரிக்கா' என்னும் கத்தோலிக்க இதழில் எழுதிய கட்டுரையில் இக்கருத்தைத் தம் சமயத்தாரை நோக்கியே அவர் முன்வைத்தார். நம்பிக்கையாளர் என்பதனால் உலகை உள்ளபடி காணும் கடமையிலிருந்து எழுத்தாளருக்கு விலக்கு இல்லை என்பது அதன் சாரம். அவர் கதைகளில் கத்தோலிக்கர் அரிதாகவே தோன்றுகின்றனர். சிறுபான்மையினராகிய அவர், தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த புரொட்டஸ்டண்ட் பெரும்பான்மையினரின் ஊர்ப் பிரசங்கிகளையும் பைபிள் விற்பனையாளர்களையும் பண்ணைக்காரிகளையும் எழுதினார். தம்மவரின் பெருமை பேசும் இலக்கியம் அவருக்குத் தேவைப்படவில்லை.

'ரெவலேஷன்' என்ற கதை அவரது ஆற்றலின் உச்சம். திருமதி டர்ப்பின் நல்லொழுக்கமும் சொந்த நிலமும் உடைய பெண்மணி. இரவில் உறக்கம் வராதபோது மனிதரை மேல், கீழ் என வரிசைப்படுத்திப் பார்ப்பது அவள் வழக்கம். தன்னை இழிந்தவளாகப் படைக்காமைக்கு இறைவனுக்கு மனமுருகி நன்றியும் சொல்வாள். மருத்துவரின் காத்திருப்பு அறையில் அந்த நன்றிப் பெருக்கு பொங்கி வழியும் வேளையில், கல்லூரி மாணவி ஒருத்தி கையிலிருந்த நூலை அவள் முகத்தில் எறிந்து, நரகத்துக் காட்டுப்பன்றியென அவளை இகழ்கிறாள். மாலையில் தன் பன்றிக்கொட்டிலருகே நின்று டர்ப்பின் இறைவனிடம் வழக்காடுகிறாள். அப்போது ஒரு காட்சி விரிகிறது. விண்ணோக்கிச் செல்லும் ஊர்வலத்தில் அவள் இழிவாக எண்ணியோர் அனைவரும் முன்னே ஆடிப்பாடிச் செல்கின்றனர். ஒழுங்கு குலையாத அவள் வகையினர் கடைசியில் வருகின்றனர். அவர்களுடைய நற்குணங்களும் எரிந்துபோகின்றன.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் கிப்ரையும் உஜ்பையும் கண்டித்துத் தனிப் பகுதியே வகுத்துள்ளார்கள். கிப்ர் என்னும் ஆணவத்துக்குத் தாழ்த்திப் பார்க்க இன்னொருவர் வேண்டும். உஜ்ப் என்னும் தன்வியப்புக்கு எவரும் வேண்டியதில்லை என அவர்கள் நுட்பமாக வேறுபடுத்துகிறார்கள். டர்ப்பினிடம் இரண்டும் உள்ளன. ஷுக்ரின் போர்வையில் அவை குடியிருப்பதுதான் கொடுமை. இஹ்யாவைப் பாடம் நடத்தும்போது விளக்கக் கடினமான இந்த இடம், அக்காத்திருப்பு அறையில் கண்முன் நிகழ்கிறது. 'நான் அப்படியல்லேன்' என்று நன்றி செலுத்தும் நாவு நம்மிலும் உண்டு. இக்கதையைப் படித்து முடித்த ஒருவர் தம் துஆவையே ஒருமுறை ஐயத்தோடு திரும்பிப் பார்ப்பார்.

அவர் கதைகளில் அருள் இதமாக வருவதில்லை, அடியாகவே விழுகிறது. 'எ குட் மேன் இஸ் ஹார்டு டு ஃபைண்ட்' கதையில் பகட்டும் பசப்பும் நிறைந்த பாட்டி, தன் குடும்பத்தாரைக் கொல்லச் செய்த கொலைகாரனைத் தன் பிள்ளைகளில் ஒருவனாக உணர்ந்து தொடுகிறாள், அக்கணமே சுடப்படுகிறாள். அவள் வாழ்வின் ஒரே மெய்யான கணம் அது. இத்தனை வன்முறை தேவையா என்று கேட்போருண்டு. மரணத்தை நினைவூட்டாத எதனாலும் அசையாத உள்ளங்களை அவர் எழுதினார் என்பதே என் விடை.

எனினும் ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்பட இயலாது. இறுதி நோயின்போது எழுதிய 'பார்க்கர்ஸ் பேக்' கதையில், உடலெங்கும் பச்சை குத்திக்கொண்ட பார்க்கர், மனைவியை மகிழ்விக்க எண்ணி பைசாந்திய பாணியிலான கிறிஸ்துவின் முகத்தைத் தன் முதுகில் பொறித்துக்கொள்கிறான். இறைவன் உருவமற்றவன், இது சிலைவணக்கம் என்று கூவி, மனைவி சாரா ரூத் துடைப்பத்தால் அவனை அடிக்கிறாள். ஆசிரியரின் பரிவு முழுவதும் பார்க்கரிடம். இறைவன் மனித உடல் ஏற்றான் என்னும் அவரது சமயக் கோட்பாடு அவரை அங்கே நிறுத்துகிறது. தவ்ஹீதை ஏற்ற நமக்கோ சாரா ரூத்தின் நாவு கூறுவது தன்ஸீஹ், அது பிழையன்று. அவள் கையிலுள்ள துடைப்பமே பிழை. ஆசிரியர் அவளுக்கு ஒரு நெஞ்சத்தைக் கொடுக்கவில்லை. உருவ மறுப்பு வறண்ட உள்ளத்திலிருந்தே வரும் என்பதுபோல் அவளைத் தட்டையாக வரைந்தது கலைஞராக அவருடைய குறை. ஆனால் சரியான அகீதாவை ரஹ்மத் இன்றி ஏந்துவோர் எப்படித் தோன்றுவர் என்பதற்கு, அவர் எண்ணாமலேயே நமக்கு ஒரு கண்ணாடி அமைந்துவிட்டது.

இன்னொரு குறை பெரிது. கறுப்பின மக்களைப் பற்றி அவரது கடிதங்களில் காணப்படும் இழிமொழிகள் மன்னிப்புக்குரியவையல்ல. 1959இல் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை ஜார்ஜியாவில் சந்திக்க அவர் மறுத்தார். 2020இல் மேரிலாந்தின் லொயோலா பல்கலைக்கழகம் தன் விடுதி ஒன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது. ஆண்டலூசியாவுக்கு அருகே சிறிது காலம் வாழ்ந்த கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அந்நீக்கத்தை ஏற்கவில்லை. டர்ப்பினைப் படைத்த கை, டர்ப்பினைப் போன்றே கடிதமும் எழுதியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரது கதைகள் அவரையும் விசாரிக்கின்றன. அதுவே அவற்றின் நேர்மைக்குச் சான்று.

உடலையும் மண்ணையும் அவ்வளவு உன்னிப்பாகக் காண அவருக்கு அவதாரக் கோட்பாடு துணைநின்றது. நமக்கு அக்கோட்பாடு இல்லை, தேவையும் இல்லை. படைப்பு முழுவதும் ஆயத்துகள் என்று நம்புகிறோம். காண்பதிலிருந்து பெறும் படிப்பினையை 'இப்ரத்' என்கிறோம். அதன் வேர், கடந்து செல்லுதலைக் குறிப்பது. கடப்பதற்கு முதலில் ஆற்றின் இக்கரையில் கால் ஊன்றியிருக்க வேண்டும். நம் கதைகள் பலவற்றில் இக்கரை இல்லை. போதனை என்னும் அக்கரை மட்டுமே உள்ளது. தெருவையும் வீட்டையும் நம்மவர் நெஞ்சின் கோணல்களையும் உள்ளபடி காணும் மலகா நம் எழுத்தாளருக்கு வாய்க்கட்டும். அதைக் கண்டு வாசகராகிய நாம் கோபம் கொள்ளாதிருக்கவும் பயில வேண்டும்.